அப்படி யாரும் இங்கே இல்லை

கல்யாணமாகி மயிலாப்பூர் வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரமே என் பெயரைப் பறிகொடுத்தேன். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது போதாதென்று வீட்டில் ஒரு ஹோமம் வைத்தார்கள். சங்கல்பத்தில் சொல்லப் பெயர் வேண்டுமே என்றார் வாத்தியார். ஐரீன் என்றேன். அவர் என் மாமனாரைப் பார்த்தார்.

மாமனார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். நான் அந்த வீட்டுக்கு வருமுன்பே என் பெயரை அகராதியில் தேடியிருந்தார்.

"கிரேக்கப் பேரு. சமாதானம்னு அர்த்தம். அவா ஊர்ல அது ஒரு தேவதையாக்கும், கையில குழந்தையோட சிலையே இருக்கு. நம்மாத்துல சாந்தின்னு கூப்பிட்டா ஆச்சு, அதே அர்த்தம்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு அந்தப் பெயரை வைத்தவர் என் அப்பா. சண்டை ஓயாத வீட்டில் வளர்ந்த மனுஷன், தன் வீட்டிலாவது ஒரு சமாதானம் இருக்கட்டும் என்று வைத்தாராம்.

சாந்தி என்று கூப்பிட்டால் எனக்கு உடனே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. அதைத் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்று நாள் முழுக்கப் பயம். அதைவிடப் பெரிய பயம், அப்பாவின் நெஞ்சுவலி. அடையாறில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஏதாவது என்றால் பூத்திலிருந்து கூப்பிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். போன் மணி அடித்தாலே முதல் ஆளாக ஓடுவேன்.

ஒருநாள் மதியம் சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தியபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரின் அக்கா கூடத்தில் போனை வைத்தார். கல்யாணத்துக்கு வராதவர். அவருக்கு நான் சாந்தி மட்டும்தான்.

"யாரு அத்தை?"

"யாரோ ஒரு பொம்மனாட்டி. ஐரீன் இருக்காளான்னு ரெண்டு தரம் பண்ணிட்டா. அப்படி யாரும் இங்கே இல்லேன்னு சொல்லி வெச்சுட்டேன். பாவம், அழறா."

மிக்ஸியை அப்படியே விட்டுக் கூடத்துக்கு வந்தேன். போன் பக்கத்தில் நின்றேன். மறுபடி அடிக்கவில்லை. திருப்பிக் கூப்பிட எனக்கு எண் ஏது? "அது எங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த புடவையோடு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன்.

"இன்னாம்மா, அயுதுக்கினே வர்றே?" என்றார் ஆட்டோக்காரர். பேரம்கூடப் பேசாமல் ஓட்டினார். கடவுளே, அப்பா இருக்க வேண்டும், இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார். உள்ளே அப்பா மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடந்தார். மூச்சு இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அம்மா என்னைக் கண்டதும் என் கன்னத்தை, கையை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்கடி. உன்னைத்தான் என்னமோ பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். உள்ளே அவரைப் போட்டுட்டு இங்கே உனக்காக அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அந்தச் சாந்தியின் மீது எனக்கு வந்த ஆத்திரத்தை எதில் சேர்ப்பது? அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராத்திரி தாண்டட்டும், பிறகு சொல்கிறேன் என்றார் டாக்டர்.

விளக்கு வைக்கும் நேரம். வாசல் மேஜையில் நர்ஸ், "யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஐரீனோட அப்பாவை. நான் அவ மாமனார்."

என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் சட்டென்று திரும்பினேன்.