வரப்பில் நின்ற புங்க மரங்கள்

ஆறு வருடத்துக்கு முன்பு, நடவுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, வில்லியனூர் தாண்டியுள்ள எங்கள் வயல் வரப்பில் நடந்தது இது. பிள்ளைகளே, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் புதுச்சேரியில் சாரம் பகுதியில் குடியிருக்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றிக் கட்டுவது தொழில். வயல் என் மனைவி வழியில் வந்தது. ஞாயிறு ஒரு நாள்தான் அங்கே போக முடியும். பறவை வரட்டும், தேனீ வரட்டும் என்று வரப்பு முழுக்கப் புங்கங்கன்று நட்டேன். அந்த வரப்பு பக்கத்து வயலுக்கும் பொது. அதைக் குத்தகைக்குப் பயிர் செய்தவர் என் வயதுள்ள ஓர் அம்மா. முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை.

“நெழலு உழுந்தா என் நெல்லு பதராப் பூடும்ண்ணா. நீங்க ஞாயித்துக்கெழம விவசாயி, உங்களுக்கு இன்னா?” என்று சிரித்தார்.

சொன்னாரே தவிர, கோடையில் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியது அவர்தான். நாலு வருடத்தில் மரங்கள் ஆள் உயரம் தாண்டின. கரிச்சான் குருவிகள் கிளையில் உட்கார்ந்து பயிர்ப் பூச்சியைப் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். அதைப் பார்க்கவே வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

அன்று போய்ப் பார்த்தால் மரங்கள் மொட்டையாக நின்றன. ஒரே ஒரு மரத்தில்தான் இலை இருந்தது. அந்த அம்மா கையில் கத்தியோடு வரப்பில் நின்றார். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“ஆட்டுக்கு வெட்டிப் போட என் மரந்தான் கெடச்சுதா? அந்த ஒண்ண மட்டும் எதுக்கு விட்ட, நாளைக்கா?”

“அதுல குருவி முட்ட வச்சிருக்குண்ணா.”

“திருடிட்டு குருவி பேரச் சொல்லாத!”

பக்கத்தில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கோபம் அடங்காமல் என் வயலில் இறங்கினேன். சேற்றுக்குள் கால் போனதும் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தேன். புங்கந்தழை. நாலடி நகர்ந்து பார்த்தேன், அங்கேயும் தழை. வயல் பூராவும் மிதித்துவிட்டிருந்தார். வெட்டிய தழையில் ஒரு கொத்துகூட அவர் பக்கம் போகவில்லை. நடவுக்கு முன் தழையைக் கழித்துச் சேற்றில் மிதித்தால் அதுதான் உரம், மரமும் மறுபடி துளிர்க்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். டவுன்காரன் எனக்குத்தான் தெரியவில்லை. வாரநாளில் நான் வர முடியாதே என்று எனக்காகச் செய்திருக்கிறார்.

அன்றே அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று கௌரவம் தடுத்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரர் குத்தகையை நிறுத்திவிட்டு மனைக்கல் நட்டார். அந்த அம்மா ஊரைவிட்டே போய்விட்டார்.

போன வருடம் கோரிமேடு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஏதோ ஆஸ்டலில் சமையல் வேலையாம். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்:

“மரம் தழைஞ்சுதாண்ணா?”

“தழைஞ்சுது. வந்து பாரும்மா.”

“பாக்கலாம்ண்ணா, லீவு கெடைக்கட்டும்.”

பஸ் வர நேரம் இருந்தது. மன்னிப்புக் கேட்க நேரம் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இப்போது நானே லீவு போட்டுத் தழை கழித்து மிதிக்கிறேன். கூடு உள்ள மரத்தைத் தொடுவதில்லை. எத்தனை குருவி வந்து உட்கார்ந்தாலும், வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்காதா என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் மனம் ஏங்குகிறது. அவர் வந்து நிற்கும்வரை அது எனக்குப் பாதி வயல்தான்.