பாதிச் சீட்டு

என் மனைவி மருந்துக்கடைக்காரி. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. மரக் கவுண்டர், அதன் பின்னால் கூரை வரைக்கும் கண்ணாடி அலமாரி, மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். இருபத்தாறு வருடமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாள். கோழிக் கிறுக்கல் டாக்டர்களின் சீட்டைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவளுக்குப் பெருமை அதில் இல்லை. சந்தேகம் வந்தால் புரிந்துவிட்ட மாதிரி நடிக்காமல் போனை எடுத்து எழுதினவரையே கேட்டுவிடுவாள், அதில்தான் பெருமை. பாதி கிழிந்த சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால், ஆள் மந்திரியாக இருந்தாலும் மருந்து கிடைக்காது.

“மீதிச் சீட்டு எங்க?”

“கிழிஞ்சு போச்சும்மா. மருந்து பேருதான் தெளிவா இருக்கே, குடுங்களேன்.”

“பேரு இருக்கு. யாருக்கு எழுதினது, எத்தனை நாளைக்குன்னு இல்லையே. போய் முழுச் சீட்டா வாங்கிட்டு வாங்க.”

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் எலக்ட்ரீஷியன், ஒயர் இரண்டையும் முறுக்கிப் பல்லால் கடித்து ஒட்டவைக்கிற ஜாதி. இவளோடு எப்படி இத்தனை வருடம் ஓட்டினாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். அவள்தான் ஓட்டினாள், நான் உட்கார்ந்து வந்தேன்.

வேதாகமத்தையும் அவள் மருந்துச் சீட்டு மாதிரிதான் படிப்பாள். யாருக்கு எழுதினது, எதற்கு எழுதினது, கீழே இன்னும் என்ன எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு தச்சர் சாயங்காலமானால் தண்ணி போடுவார். ஒருநாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, அப்போஸ்தலனே திராட்சரசம் குடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறாரே என்று அவளை மடக்கப் பார்த்தார்.

“அந்தச் சீட்டு உங்களுக்கு எழுதினதில்லண்ணே. வயிறு சரியில்லாத ஒரு வாலிபனுக்கு எழுதினது. கொஞ்சம்னு அளவும் போட்டிருக்கு. உங்களுக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு, அளவுதான் இல்ல.”

தச்சர் அதற்குப் பிறகு அவளிடம் வேதம் பேசியதில்லை, இருமல் மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் வேதபாடம். போதகர் நாலு ஊருக்குப் பொது. மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மூப்பர்தான். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வசனங்களை ரயில் அட்டவணை மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார். நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது ஆறு வாரம் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் அர்த்தம் சொன்ன பிறகு இன்னொருவர் வாய் திறந்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. அவர் கொடி காட்டினால்தான் வண்டி கிளம்ப வேண்டும்.

என் மனைவி கை தூக்கிக் கேள்வி கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். “சிஸ்டர், டாக்டர் வேற, கம்பவுண்டர் வேற.”

அவளும் சிரிப்பாள். “கம்பவுண்டர் தூங்கினா டாக்டர் மாட்டுவார் ஐயா.”

அந்தச் சபையில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. வருடத்தின் முதல் ஞாயிறன்று ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுள் வாக்குக் கொடுக்கிற வசனம், எடுப்பார்கள். ஒரு டப்பாவில் சீட்டுகள் கிடக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அந்த வருடத்துக்கு அதுதான் உங்கள் வசனம். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்தச் சீட்டுகளைப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்ன வெள்ளை உறைகள்மேல், நூற்றிருபது. உறை சின்னது என்பதால் அடங்குகிற அளவு எழுதுவாள்.

அந்த வருடம் முதல் மாதம் மூன்றாவது வாரம். ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு இன்சுலின் பாட்டிலை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

“என்னங்க, தையல்காரி மருந்து வாங்கவே வரல.”

தையல்காரி எங்கள் சபைதான். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் மிஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துத் தனியாகப் பிழைக்கிறவள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாதம் பிறந்தால் முதல் வாரம் வந்து பாட்டிலையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்கென்று பெயரெழுதி எடுத்து வைப்பது வழக்கம். இந்தத் தடவை பாட்டில் இருக்கிறது, ஆளைக் காணோம்.

என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னாள். போனேன். தையல்காரி மிஷின் முன்னால்தான் இருந்தாள், ஆனால் தைக்கவில்லை, கையால் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்திருந்தது. அறையில் ஒரு வாடை.

“கால்ல என்னம்மா?”

“கத்தரிக்கோல் விழுந்துச்சுண்ணே. பத்து நாளாச்சு, ஆறிடும். மிஷின் மிதிக்கத்தான் முடியல.”

“ஊசி போடறியா இல்லையா?”

அவள் முகம் மலர்ந்தது. “இந்த வருஷம் குணமாக்குவேன்னு எனக்கு வாக்கு வந்திருக்குண்ணே. மூப்பர் ஐயாவும் சரின்னுட்டாரு. வாக்கை வாங்கிட்டு ஊசியும் போட்டா நம்பாத மாதிரி ஆயிடுமில்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே மூப்பர் வீட்டுக்குப் போய் மீட்டர் பெட்டியில் ஃப்யூஸைப் பிடுங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கோபப்படவில்லை. வேதாகமத்தை எடுத்துக் கவுண்டரில் விரித்தாள்.

“குணமாக்குவேன்னு யாரு, யார்கிட்ட சொன்னது?”

வந்த இரண்டு பேருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துக்கொண்டே தேடினாள். அரை மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ராஜாக்களின் சரித்திரத்தில் இருந்தது. ஒரு ராஜா சாகக் கிடக்கிறான். சுவர் பக்கம் திரும்பி அழுகிறான். குணமாக்குவேன் என்று கடவுள் தீர்க்கதரிசி மூலமாகச் சொல்லி அனுப்புகிறார். அது ஒரு வசனம். நடுவில் ஒரு வசனம் விட்டு அடுத்ததில், அதே தீர்க்கதரிசி அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லுகிறார். அதை ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் பற்றுப் போடுகிறார்கள். ராஜா பிழைக்கிறான்.

“பாத்தீங்களா? வாக்கும் இருக்கு, மருந்தும் இருக்கு. ரெண்டும் ஒரே சீட்டுல!”

உடனே கடையை என்னிடம் விட்டுவிட்டுத் தையல்காரி வீட்டுக்கு ஓடினாள். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தாள், முகம் தொங்கிப்போய்.

“ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறா. எழுதிக் குடுத்தது ஒண்ணு, வாயால சொல்றது ஒண்ணான்னு கேக்கறா. மூப்பர் ஐயா சொன்னா வர்றாளாம்.”

“இன்னைக்குப் புதன்தானே?” என்றேன்.

சபைக் கூடத்தில் நாற்பது பேர் இருப்போம். மைக்செட் என் பொறுப்பு. தையல்காரி கடைசி வரிசையில், காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் என் மனைவி எழுந்து கேள்வி மைக்கைக் கையில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். கால், ஊசி, வாக்கு. மூப்பர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைக்கும்படி இரண்டு விரலால் சைகை காட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

“சிஸ்டர், வேதத்துக்கு அர்த்தம் சொல்ற அதிகாரத்தை உங்களுக்கு யார் குடுத்தா?”

“யாரும் குடுக்கலை ஐயா.”

“ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னா சபை நாலா உடையும். உடைஞ்சதை நான் கண்ணால பாத்திருக்கேன். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாம செத்தாங்க. அதனாலதான் இதுக்குன்னு ஆளுங்களை வெச்சிருக்கு.”

அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. கூடத்தில் பல தலைகள் ஆடின. என் மனைவியும் தலையாட்டினாள்.

“சரிதான் ஐயா. அர்த்தம் நீங்களே சொல்லுங்க. நான் அர்த்தம் சொல்ல வரலை. முழுசா வாசிச்சிட்டுச் சொல்லுங்கன்னுதான் கேக்க வந்தேன். கடையில நான் டாக்டர் இல்ல. ஆனா பாதிச் சீட்டைப் பாத்து மருந்து குடுத்தா ஆள் செத்துப்போவான், டாக்டர் எவ்வளவு பெரியவரா இருந்தாலும்.”

அத்தியாயத்தைச் சொன்னாள். கூடம் முழுக்கப் பக்கம் புரளும் சத்தம். மூப்பர் தன் வேதாகமத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார். குணமாக்குவேன் என்ற இடத்தில் குரல் ஓங்கியது. அடுத்ததை வாசித்தார். அதற்கடுத்ததில் அத்திப்பழம் வந்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

“இதை நூறு தரம் வாசிச்சிருக்கேன்,” என்றார் மெதுவாக. பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். “அம்மா, நான் சொன்னது தப்பு. ஊசியைப் போட்டுக்கோ. என் பேச்சைக் கேட்டுத்தானே நிறுத்தினே...”

என் மனைவி ஜெயித்துவிட்டாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் தையல்காரி முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“உங்க பேச்சைக் கேட்டு நிறுத்தல ஐயா. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்.”

தன் வேதாகமத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளை உறையை எடுத்து என் மனைவியைப் பார்த்து நீட்டினாள்.

“இதை நம்பித்தான்க்கா நிறுத்தினேன். ஒன்பது வருஷமா இந்த மாதிரி உறையில, இந்தக் கையெழுத்துல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் செய்யறேன். காலையில ஒண்ணுன்னா ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடின்னா முன்னாடி. ஒருநாளும் தப்பினதில்ல. இதுல குணமாக்குவேன்னு எழுதியிருந்துச்சு. மருந்துக்கடை அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

என் மனைவி உறையை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த அழகான எழுத்தில் ஒற்றை வரி. யாருக்குச் சொன்னது என்று இல்லை. எங்கே இருக்கிறது என்று அத்தியாய எண்கூட இல்லை. இடம் போதவில்லை என்று விட்டிருக்கிறாள். சீட்டு எழுதுவது இவள்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாத விஷயமா? தெரியும். அன்று காலையிலிருந்து அது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் கையிலிருந்த மைக்கின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை அணைத்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது. அவள் அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பாதிச் சீட்டு எழுதினது நான். தப்பு என்னுது. எல்லாரும் கேட்டுக்கோங்க, இந்த வருஷம் எடுத்த சீட்டையெல்லாம் ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொண்டுவாங்க. முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு எழுதித் தர்றேன். என்னங்க, ஆட்டோ கூப்பிடுங்க.”

குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. மூப்பர் வந்து தையல்காரிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வாசலில் நின்று, “இனிமே நான் ஒரு வசனம் சொன்னா, யாராவது ஒருத்தர் அடுத்ததை வாசிங்கப்பா,” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். இன்றுவரை புதன்கிழமை அது நடக்கிறது. சில நாள் அவர் அர்த்தம் மாறுகிறது, சில நாள் மாறுவதில்லை. சபை உடையவில்லை.

வழியில் கடையில் நிறுத்தி அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைக் கழுவிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரல் போய்விடும், பாதம் தப்பிக்கும் என்றார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பாதமும் போயிருக்கும் என்றார். என் மனைவி அப்போதுதான் அழுதாள், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு. நான் பக்கத்தில் நின்றேன்.

நர்ஸ் சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, ஊசியையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தையல்காரி கையை மடக்கிக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் சிஸ்டர். பாட்டிலை அக்காகிட்ட குடுங்க.”

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“படிங்கக்கா. முழுசா.”

என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மருந்தின் பெயரைப் படித்தாள். அளவைப் படித்தாள். குளிர்ந்த இடத்தில் வைக்கவும், உறைய விடக்கூடாது, டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, எல்லாவற்றையும் படித்தாள். பாட்டிலை விரலில் உருட்டி உருட்டி, தயாரித்த தேதி, முடிகிற தேதி, கடைசியில் எறும்பு மாதிரி இருந்த எண் வரைக்கும். நர்ஸ் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா அக்கா? வேற ஒண்ணும் விட்டுப் போகலையே?”

“ஒண்ணும் விடல. இவ்வளவுதான்.”

தையல்காரி கையை நீட்டினாள்.