கோவையிலிருந்து வந்த பதில்

ஆபீஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை வரிகள் விழும். மலைமேல் ஜெகதளாப் பக்கம் எங்கள் தேயிலை ஃபேக்டரி இன்னும் உயிரோடிருக்கிறது என்று அவற்றைப் பார்த்துத்தான் நம்பினோம். தேயிலை விலை விழுந்து, இயந்திரங்கள் நின்று, மேனேஜரும் மலை இறங்கிவிட்ட காலம். மறுபடி திறக்கக் கோவைத் தலைமை ஆபீசிலிருந்து கம்ப்யூட்டரில் உத்தரவு வரும் என்றிருந்தார்கள். ஆபீசில் மிச்சமிருந்தது நான் அண்ணன் என்று கூப்பிட்ட கம்ப்யூட்டர்காரரும், இலை எடை எழுதிய நானும்தான்.

தினமும் காலையில் அண்ணன் கோவைக்குப் போகும் கம்ப்யூட்டர் லைனைச் சோதிப்பார். முதலில் எங்கள் கம்ப்யூட்டர், அடுத்து லைனை வெளியே விடும் எங்கள் ரவுட்டர் பெட்டி, பிறகு கோவை ரவுட்டர், கடைசியில் கோவைக் கம்ப்யூட்டர்; ஒவ்வொன்றும் பதில் தர ஒரு வரி விழும். "நம்மளுது ஒரு தெரு, அவங்களுது வேற தெருங்க. ஒவ்வொரு கதவாத் தட்டித்தான் போகோணும்" என்பார். கடைசிக் கதவும் பதில் தந்ததும் ஜன்னலைத் திறந்து, வேலைக்காக வெளியே குளிரில் காத்து நிற்கும் பெண்களிடம் "பதில் வருதுங்க!" என்பார்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே இலை பறித்த என் பெரியம்மா விடமாட்டார். "பொட்டியும் பொட்டியும் நல்லாத்தான் கதைக்குது. எங்களுக்கு எப்ப வேலையின்னு கேளுங்க தம்பி." பெண்கள் சிரிப்பார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வேன் வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிப்பேர் ஏறினார்கள். பெரியம்மாவும் மூட்டை கட்டிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். "இன்னைக்கும் பதில் வந்துச்சா தம்பி?" வந்திருந்தது. போய் மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

உத்தரவு மட்டும் வரவில்லை. கடைசியில் அண்ணன் பஸ் ஏறிக் கோவைக்கே போய்ப் பார்த்து வந்தார். ஆபீசைப் பூட்டிப் பல வாரமாகிவிட்டதாம். போகும்போது யாரும் கம்ப்யூட்டரை நிறுத்தவில்லையாம்.

"அப்ப இத்தன நாளும் யாரு பதில் சொன்னது?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஆளு யாருமில்லீங்கம்மா. கரண்டு இருந்தா அது பாட்டுக்குச் சொல்லுமுங்க."

அந்தச் சோதனை லைனை மட்டுமே பார்க்கும் என்பது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் எங்களைப்போலவே அவரும் நம்பியிருந்தார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். வேன் மறுபடி வரவில்லை. பெரியம்மா கேரட் கழுவும் கூலிக்குப் போனார். ஈரத்தில் நின்று நின்று நெஞ்சில் சளி கட்டி, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார்.

இப்போது கோவையிலிருக்கும் மகனுக்கு போனில் செய்தி அனுப்பினால் உடனே இரண்டு டிக் விழுகிறது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நான் அவன் குரல் கேட்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். "அதுதான் மெசேஜ் வந்துருச்சுல்லம்மா, எதுக்கு மறுபடி மறுபடி கூப்படறீங்க?" என்று கோபப்படுகிறான். "சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவன் பதில் சொன்னதும் போனை வைக்கிறேன்.