அவர் ஜெயித்த வியாழக்கிழமை

தில்லி ஆர்.கே.புரத்தில், வாராவாரம் லீக் ஆடும் எங்கள் பூல் (பில்லியர்ட்ஸ் மாதிரி மேஜை ஆட்டம்) அணியில் ஒரு தமிழ் கிளார்க் இருந்தார். பந்தை அடிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகு தோற்பார்.

“டோர்னமெண்ட் ஆடலாமே சார்?” என்றேன்.

“அங்க ஒருதடவை தோத்தா அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிடுவான். லீக்ல தோத்தாலும் அடுத்த வியாழக்கிழமை கூப்பிடறாங்களே!”

கூப்பிட்ட காரணம் வேறு. லீக்கில் ஒவ்வொருவருக்கும் திறமைக்கேற்ற புள்ளி உண்டு. அணியின் மொத்தப் புள்ளி வரம்பைத் தாண்டக்கூடாது. இரண்டு சூரர்களைச் சேர்க்க ஒரு சொத்தை வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அவர் ஜெயித்துவிட்டார். எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். அவர் புள்ளி ஏறியது. அடுத்த வாரமே கேப்டன் வேறொரு சொத்தையைப் பிடித்துவந்தார்.

“அரே சார், நீங்க இப்ப பெரிய பிளேயர். இனிமே டோர்னமெண்டுக்குப் போங்க, அச்சா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேப்டனுக்கு நன்றி சொன்னார்.