ஏலக்காய்த் தட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பம் ஊரில் மாண்டிசோரி டீச்சராக இருந்ததை நினைத்தால் முதலில் வருவது அந்த அமைதிதான். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம், வாயும் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவள் பாயோரம் உட்கார்ந்து, ஒரு குழந்தை சொம்பிலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை ஒரு வேலையில் ஆழ்ந்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டம். மலையிலிருந்து சாரல் இறங்கும் காலைகளில் அந்த அறையில் நடப்பதே தூக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கும்.

பெரிசு சிறிசு பிரித்துப் பழக மற்ற ஊர்களில் மணிகளோ விதைகளோ கொடுப்பார்கள். நான் ஏலக்காய் வாங்கி வைத்தேன். நம்ம ஊர்ப் பொருள், வாசனையும் உண்டு என்று எனக்குள் ஒரே பெருமை. நாலு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அந்தத் தட்டின்மேல் கொள்ளை ஆசை. ஒருநாள் வழக்கம்போல் வந்ததும் நேரே அதை எடுத்துப் பாயில் வைத்துக்கொண்டாள். பெருங்காய் ஒரு கிண்ணம், சிறுகாய் ஒரு கிண்ணம், வெடித்தது ஒரு கிண்ணம். அந்தப் பிஞ்சு விரல்கள் என்னமாய் ஓடின! நேரம் போனதே எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தால் வாசலில் அவள் அம்மா. மகள் மறந்துவிட்டு வந்த சோற்று டப்பாவைக் கொடுக்க வந்திருந்தாள். ஏலக்காய் குடோனில் நாள் முழுக்கப் பெரிசு சிறிசு பிரித்துக் காய் பொறுக்குகிறவள். மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானோ உதட்டில் விரலை வைத்து, குழந்தையைக் கூப்பிடாதே என்று ஜாடை காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசிக் காயையும் போட்டுவிட்டுத்தான் சிறுமி தலை தூக்கினாள். "அம்மா, பாரேன், ஒண்ணுகூடக் கலக்கல."

அம்மா என்னிடம் மெல்லத்தான் கேட்டாள். "இந்த வேலை இவளுக்கு வேணாம்னுதானே டீச்சர் இங்கன கொண்டாந்து விட்டேன்?"

அவள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் தட்டில் மொச்சையும் தட்டைப்பயறும் போட்டு வைத்தேன். சிறுமி வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து, வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவுக்கு என்மேல் கோபமே இல்லை. காப்பி கொடுத்தாள். வேறு பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"அங்கன பிள்ளைகளைக் கையைக் கட்டி உக்கார வைக்கிறாக டீச்சர். எனக்கு அது போதும்."

சிறுமி என் எதிரே வந்து சம்மணம் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து காட்டினாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்லா உக்காந்திருக்கே" என்று சொன்னேன். எனக்கு அழுகையாக வந்தது.