ஜீரோ அக்காவும் அண்ணன் பிடியும்

மருத்துவமனையில் அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே முழிப்பார். ஜீரோ அக்கா என்றால்தான் தெரியும். எடை மேடை, கால் அழுத்தம் பார்க்கும் பலகை, கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி என்று கம்ப்யூட்டரோடு இணைத்த எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "ஜீரோ பாத்தீங்களா?" சும்மா கிடக்கும்போது பூஜ்யம் காட்டாத கருவி அதற்கப்புறம் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்பது அவள் கட்சி. பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் தேறிவிட்டது, வாய் என்றைக்குமே ஓய்ந்ததில்லை, கைதான் மசியவில்லை. வாராவாரம் கைப்பிடியை அழுத்துவார். திரையில் கால் கிலோ தாண்டாது. அடுத்த தடவையும் அப்படியே இருந்தால் அந்தக் கைக்கான பயிற்சியை நிறுத்திவிட்டு இடது கையைப் பழக்கலாம் என்று டாக்டர் தன்மையாகத்தான் சொல்லியிருந்தார். அண்ணன் சிரித்து மழுப்பினார். அண்ணியால் முடியவில்லை.

"வீட்ல என் கையப் புடிச்சாருன்னா வலிக்குது. உன் மெஷின்தான் பொய் சொல்லுது," என்றாள் நாத்தனாரிடம்.

பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஜீரோ அக்கா அந்த நாள் காலையில் முதல் ஆளாக வந்து கருவியைப் பிரித்தாள். வயரை மாற்றினாள், செருகும் இடத்தை ஆட்டிப் பார்த்தாள். கைப்பிடியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டாள். ஐந்துக்கு ஐந்து, பத்துக்குப் பத்து. இம்மி பிசகவில்லை. கருவி சரியாக இருக்கிறதே என்று அவள் நொந்துகொண்டது அன்றைக்குத்தான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அண்ணன் அழுத்தும்போது அவள் அறைக்குள் இருப்பதில்லை. பார்க்கத் தெம்பு கிடையாது. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், வெறும் எண்ணோடு விடாமல் கருவி நொடிக்கு நொடி அனுப்பும் அளவைக் கோடாகக் காட்டும் படத்தையும் திறந்து வைத்தாள். பயிற்சி கொடுக்கும் பெண் அண்ணன் கையைப் பூப்போலத் தூக்கி, விரல்களைக் கைப்பிடியில் சுற்றிவிட்டு, மேசையைச் சுற்றி வந்து ஜீரோ பொத்தானை அழுத்தினாள். "இப்ப அழுத்துங்கண்ணா."

அந்தப் பெண் அழுத்தச் சொல்வதற்கு முன்பே கோடு மேலே ஏறியிருந்தது. பொத்தானை அமுக்கியதும் தொப்பென்று கீழே விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் ஜீரோ அக்கா. "அண்ணா, முன்னாடியே அழுத்திட்டியா?"

"கைய வச்சதும் அழுத்திட்டேன். எதுக்கு லேட் பண்ணணும்?"

இது புதுசில்லை. கண்டக்டர் விசில் ஊதுமுன் வண்டியை எடுத்துவிடுகிறார் என்று அவர்மேல் டிப்போவில் அந்தக் காலத்திலிருந்தே புகார். அதே ஆர்வக்கோளாறு. மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் மூட்டைக்கு எடை ஏது? வாராவாரம் அண்ணனின் பலத்தைத்தான் பூஜ்யம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஜீரோ அழுத்தணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க," என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக.

"சொன்னேன். கைய வைக்கிறதுக்கு முன்னாடின்னு சொல்லித் தொலைக்கலையே!" ஜீரோ அக்கா தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

இம்முறை கைப்பிடி தனியாகக் கிடந்தது. ஜீரோ. பிறகு கை. "நான் ரைட் சொன்னாத்தான் எடுக்கணும்," என்று அண்ணனை மிரட்டினாள். அவர் நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார்.

"ரைட், போலாம்!"

ஒன்று, மூன்று, ஐந்து. ஆறைத் தாண்டி நின்றது. எட்டிப் பார்த்த டாக்டர் எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டு, "கைப் பயிற்சி தொடரட்டும்," என்றார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீரோ அக்காவுக்குத் திரை கலங்கித் தெரிந்தது, அழுகைதான், வேறென்ன.

"போதும்ண்ணா, விட்டுடு."

அண்ணன் பிடியைத் தளர்த்தவில்லை.

"இரும்மா, ஸ்டாப்பிங் வரட்டும்."