பனி உடையும் சத்தம்

காலை மணி ஐந்து நாற்பது. கேபின் கண்ணாடிக்கு வெளியே முதலில் தெரிந்தது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பனிக்கட்டி. அதன் மேல் ஒரு சீல் படுத்திருந்தது. என்னைப் பார்த்தது. சுவாரஸ்யம் இல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான்... அலாஸ்காவில் இருந்தேன். கப்பலில். புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து அக்கா, மாமா, நான்.

மாமாவுக்கு — அக்காவின் கணவர், பெயர் ஏழுமலை — ஒரே ஓர் ஆசை. மில்லில் தறி ஓட்டி ஓட்டி இடது காது போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சியாட்டிலில் இருக்கும் அக்கா மகள் கயல், பனிச்சுவர் உடைந்து கடலில் விழும் வீடியோ ஒன்றை அனுப்பினாள். மாமா போனை வலது காதில் அழுத்தித் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இத நேர்ல கேக்கணும் மச்சான். காது இருக்கறப்பவே."

கயல் டிக்கெட் போட்டாள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே... என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

தறி ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே இருந்தாலும் பக்கத்துத் தறியைத் தாண்டிக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். வழியில் ஒரு திமிங்கிலம் வாலைத் தூக்கியபோது மொத்தக் கப்பலுக்கும் மாமாவின் குரல்தான் கேட்டது.

"நோணாங்குப்பத்துல போட்டுக்காரன் டால்ஃபின் காட்றேன்னு சுத்தினான். கடைசில ஒரு கொக்கக் காட்டிட்டு எறக்கி வுட்டான். இங்க பாருடீ!"

"ஏங்க, மெதுவா..." என்றாள் அக்கா.

"மெதுவாத்தான பேசறேன்?"

அன்று காலை பனியாற்றுக்கு எதிரே கப்பல் நின்றது. நீலமும் வெள்ளையுமாக ஒரு சுவர், கடலிலிருந்து நேராக எழுந்து நின்றது. மதியத்துக்குள் கிளம்பிவிடுவோம், தயவுசெய்து யாரும் பேசாதீர்கள், பனி உடைவது காதில் விழட்டும் என்று மைக்கில் சொன்னார்கள். டெக்கில் அவ்வளவு பேர். ஒரு தும்மல்கூட இல்லை.

மாமாவுக்கு அறிவிப்பு கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுத் தம்பதியைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சை உற்சாகமாக எடுத்துவிட்டார்.

"போன்ழூர்!"

சீல்கள் இரண்டு தண்ணீரில் குதித்தன.

அக்கா அவர் கையைத் தட்டினாள். உதட்டில் விரல் வைத்தாள். பிறகு விரல்களை மடக்கி, நீட்டி, காதைத் தொட்டு, சுவரைக் காட்டி ஏதோ சொன்னாள். மாமா தலையாட்டினார். அவரும் கையாலேயே பதில் சொன்னார்.

எத்தனை வருஷம் ஆயிற்று இதைப் பார்த்து!

மில்லில் வாயால் பேசிப் பயனில்லை. தறிகளின் இரைச்சல் அப்படி. கையாலும் உதட்டசைவாலும்தான் பேச்சு. தறிகளுக்கு நூல் சுற்றிய தார்க்குச்சிகளை எடுத்துக் கொடுக்கிற வேலை அக்காவுக்கு. மாமா கேட்டதும், அக்கா சம்மதித்ததும், கல்யாணத் தேதிவரை பேசி முடித்ததும் மேஸ்திரியின் கண் முன்னால்தான். ரகசியம் பேச அமைதி வேண்டும் என்று யார் சொன்னது? காதை அடைக்கிற இரைச்சல் மாதிரி ஒரு மறைவிடம் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு சண்டையும் கையால்தான். அடுத்த அறையில் இருந்த அம்மா, "சத்தமே இல்லாம எவ்ளோ ஒத்துமையா இருக்குதுங்க" என்பாள்.

மில் மூடியது. கைகளுக்கும் பேச வேலையில்லாமல் போயிற்று.

திடீரென்று சுவரின் ஒரு பக்கம் சரிந்தது. அங்கே முதலில் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். மாமா வலது காதைத் திருப்பிக் காத்திருந்தார். சத்தம் வந்தது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. டெக்கே பெருமூச்சு விட்டது.

மாமா இன்னும் காத்திருந்தார்.

காது மெஷினை எடுத்து மாட்டினார். மறுபடி ஒரு துண்டு விழுந்தது. மெஷினுக்குள் காற்றுதான் இரைந்திருக்க வேண்டும். கழற்றிக் கோட்டுப் பையில் போட்டார்.

"வுழுந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். முதல் முறையாக மெதுவான குரலில்.

விழுந்தது என்று தலையாட்டினேன்.

அக்கா அவரைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து வைத்து, வெடுக்கென்று பிரித்து, வலது கையைத் தோளுக்கு மேல் வீசினாள். எனக்கும் தெரிந்த சைகை அது. தறியை ஓட்டும் தோல் பெல்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்தால் வெடி வெடித்த மாதிரி இருக்கும். பிறகு பெல்ட் தரையில் புரண்டு அடங்கும்.

"பெல்ட்டா?" என்றார் மாமா.

அக்கா தலையாட்டினாள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி உருட்டி உருட்டி, மெல்ல அடக்கினாள்.

"பெரிய பெல்ட்டு... மெயின் பெல்ட்டு?"

ஆமாம்.

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியுமேடீ!"

டெக் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரும் உஷ் என்று சொல்லவில்லை.

கப்பல் திரும்புவதற்குள் இன்னும் மூன்று முறை பனி உடைந்தது. அக்கா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.